படலையில் கட்டிய வேப்பிலை

நான் குடிநீர் ஆய்வுகூடம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை செய்கிறேன். கிணறுகளில் தண்ணீர் மாதிரி எடுக்கப் போவதற்கு முதல்நாள் மாலையே பெட்டியை அடுக்கிவிடுவேன். கிருமி நீக்கிய போத்தல்கள், ஐஸ் பைகள், கையுறை, பெயர் ஒட்டும் துண்டுகள், தண்ணீர் பட்டால் அழியாத பேனை. வயல் நடுவில் நின்றுகொண்டு ஒரு போத்தலுக்கு மூடி இல்லை என்று கண்டுபிடிப்பதைவிட எரிச்சலான விடயம் எனக்கு வேறில்லை. அதனால்தானோ என்னவோ, இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்தில் நீர்க்கொப்புளங்கள் எழும்பி, "இது கொப்புளிப்பான்" என்று டொக்டர் சொன்னபோதும், பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது என்னென்ன அடுக்க வேண்டும் என்ற யோசனைதான்.

வவுனியாவில் நடந்த பயிற்சி வகுப்பில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருத்தி ஊர் திரும்பியதும் படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அங்கிருந்துதான் எனக்கும் வந்திருக்க வேண்டும். சின்ன வயதில் வந்திருந்தால் லேசாகப் போயிருக்கும், வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாக இருக்கும், நுரையீரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டொக்டர் சொன்னார். வைரசுக்கான குளிசைகளும் தந்தார். வார்ட்டில் இடம் குறைவு, வீட்டிலேயே தனி அறையில் இருக்கச் சொன்னார். அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது. ஆகவே என்னைப் பார்ப்பதில் அவருக்கு ஆபத்தில்லை. கண்டாவளைப் பக்கம் எங்கள் வீடு. திரும்பிவரும்போது பஸ்ஸில் ஏறக்கூடாது என்று அம்மா தெரிந்த ஓட்டோக்காரரைக் கூப்பிட்டார். அவர் என்னைப் பார்த்ததும் இரண்டு பக்கத் திரையையும் சுருட்டிக் கட்டிவிட்டு மெதுவாக ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வழக்கு குளிசையில் தொடங்கியது.

"அம்மாளுக்குக் குளிசை குடிக்கிறேல்லை" என்றார் அம்மா. எங்கள் பக்கத்தில் இந்த வருத்தத்துக்குப் பெயரே அம்மாள்தான். அம்மன் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கும்போது மருந்து கொடுத்து விரட்டுவது மரியாதையில்லை என்பது கணக்கு. நான் நுரையீரல் என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குளிசைப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், வற்றாப்பளை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, விளக்குக் கொளுத்திக் கும்பிட்டு, திருப்பிக் கொண்டுவந்து தந்தார்.

"இனிக் குடி. அவாவுக்குக் காட்டிப்போட்டன்."

அந்த நொடிக்கு நான் அம்மாவுக்கு எப்போதும் நன்றியுள்ளவளாக இருப்பேன். தன் நம்பிக்கையையும் விடாமல், என்னையும் விடாமல், ஒரு தீப்பெட்டிக் குச்சியில் வழக்கை முடித்துவிட்டார்.

படுக்கையில் இருந்தபடியே தொலைபேசியில் தேவையானவற்றைக் குறித்தேன். வெப்பமானி வீட்டில் இருந்தது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல், வேறு நோவுக் குளிசை எதுவும் வேண்டாம் என்று டொக்டர் சொன்னதையும் பக்கத்திலேயே எழுதினேன். தோல் அரிக்கும் கடிக்குப் பூசக் கலமைன். சொறிந்து புண்ணாக்காமல் இருக்க நகவெட்டி. உப்பும் சீனியும் கலந்த கரைசல் பைக்கற்றுகள். எனக்கென்று தனிக் கோப்பை, தனிப் பீங்கான், தனி வாளி. உடம்பில் உரசாத இரண்டு நூல் சட்டைகள். ஆய்வுகூடப் பழக்கத்தில், ஒவ்வொன்றும் எந்தக் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றுகூட எழுதினேன். அம்மா தன் பங்குக்குச் சேர்த்தவை: வேப்பிலை ஒரு கட்டு, மஞ்சள், என் கீழே விரிக்கத் தன் பழைய நூல் சேலை. குசினியில் தாளிப்பதில்லை, மீன் இல்லை. இதுவும் பட்டியலில் சேர்ந்தது. வேப்பங்கொத்தால் தடவினால் சொறியத் தோன்றாது என்றார். அது உண்மை. கலமைனைவிட அதுதான் எனக்கு அதிகம் உதவியது.

எல்லாவற்றுக்கும் முதல், அன்று மாலையே அம்மா செய்த வேலை, றோட்டு வாசல் படலையின் இரண்டு பக்கமும் வேப்பங்கொத்துக் கட்டியது. எங்கள் ஊரில் படலையில் வேப்பிலை கண்டால் யாரும் உள்ளே வரமாட்டார்கள். கடன் கேட்க வருகிறவர்கூட றோட்டிலேயே திரும்பிவிடுவார். இதைவிடத் தெளிவான அறிவித்தல் பலகை எந்தத் திணைக்களத்திடமும் இல்லை.

அடுத்தநாள் காலை அம்மா பொருட்கள் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனார். நான் அயர்ந்து தூங்கிவிட்டேன். யாரோ விசிறும் காற்றில் கண் விழித்தேன். என் கட்டில் விளிம்பில் பக்கத்து வளவுப் பெண் இருந்தாள்.

அவள் என்னைவிட இளையவள். நெடுங்கேணியில் பிறந்து, பக்கத்து வீட்டு மாமியின் மகனைக் கட்டி இங்கு வந்தவள். அவள் கணவன் வேலைக்கு வவுனியாவில் தங்குவதால் மாமியும் அவளும்தான் வீட்டில். முதல் பிள்ளை வயிற்றில், நான்காம் மாதம். எனக்குக் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொண்டிருந்தவள் அவள்தான். அன்றும் கஞ்சியோடு வந்திருக்கிறாள். நான் தூங்குவதைக் கண்டு, எழுப்ப மனமில்லாமல், பழைய கொப்பி மட்டையால் விசிறிக்கொண்டு இருந்திருக்கிறாள். அறை இருட்டு. நான் கழுத்துவரை போர்த்தியிருந்தேன்.

"எழும்பிப் பின்னுக்குப் போ பிள்ளை. எனக்கு அம்மாள்" என்றேன்.

அவள் எழுந்து சுவரோடு நின்றாள். கை தானாக வயிற்றுக்குப் போனது. கஞ்சிப் பாத்திரத்தை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் அம்மா வந்ததும் சொன்னேன். வாங்கிவந்த பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார்.

"நான் படலையிலதானே கட்டினனான். அவள் எந்தக் காலத்தில படலையால வந்தவள்?"

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலுள்ள கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. ஆள் குனிந்து புகக்கூடிய இடைவெளி. சீனி, நெருப்புப்பெட்டி, கதை எல்லாம் அதனால்தான் வந்து போகும். இந்த இரண்டு வீட்டுக்காரரும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் றோட்டால் சுற்றிப் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. வேப்பிலை ஊருக்கெல்லாம் செய்தி சொன்னது. மிகக் கிட்ட இருந்தவர்களுக்குத்தான் சொல்லவில்லை. அவர்களை வெளியாட்களாக எண்ணிப் பொட்டில் ஒன்று கட்ட அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கர்ப்பிணிக்கு, அதுவும் முதல் மாதங்களில், இந்த வருத்தம் வந்தால் பிள்ளையைப் பாதிக்கலாம் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியில் அதைப் பற்றி வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். எங்கள் பகுதி மிட்வைஃப் அக்காவுக்குக் கோல் எடுத்தேன். பதறாமல், வரிசையாகக் கேட்டார். எத்தனையாம் மாதம்? எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தாள்? முன்னம் எப்போதாவது அவளுக்கு வந்ததா? கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதுதான் முக்கியமான கேள்வி என்றார். முன்னம் வந்திருந்தால் உடம்பில் பாதுகாப்பு இருக்கும், பயமில்லை. வரவில்லையென்றால் வேறு கதை. அன்றைக்கே ஸ்கூட்டியில் வந்து பக்கத்து வீட்டில் இறங்கினார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் எடுப்பித்தார். முடிவு கொழும்பிலிருந்து வர வேண்டும்.

இதற்கிடையில் அம்மா மாமியிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. பொட்டடியில் நின்று, தொடங்குவதும் நிறுத்துவதுமாகச் சொல்லியிருக்கிறார். மாமியின் தாய்தகப்பன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கு வந்தவர்கள். அவர் பேச்சில் மலையகமும் வன்னியும் கலந்து வரும். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்:

"வேணுமின்னா செஞ்சீங்க? விடுங்க. இப்ப புள்ளையப் பாப்பம். உங்க மக என்ன சாப்பிட்டிச்சு?"

பிறகு தன் வளவு வேம்பில் ஒரு கொத்து முறித்து, பொட்டில் தானே கட்டினார். அம்மா அறைக்கு வந்து இதைச் சொல்லும்போது அழுதார்.

முடிவு வரும்வரை பயம் அந்த வீட்டில் இருந்தது. இளநீர் எங்கள் வீட்டுக்கு வந்தது. காலையில் பொட்டடி மரக்குத்தியில் சீவிய செவ்விளநீர் இருக்கும். மத்தியானம் குரக்கன் கூழ். அம்மாவுக்குச் சமைக்க நேரமிருக்காது என்று பயிற்றங்காய்க் கறி, தாளிக்காமல். நான் எழுதிய பட்டியலில் வெப்பமானி முதல் நகவெட்டி வரை இருந்தது. ஆனால் கொப்புளம் வாய்க்குள்ளும் எழும்பினால் அந்தப் புண்ணோடு எதை விழுங்க முடியும் என்று நான் யோசித்திருக்கவில்லை. அதை யோசித்தது, என்னால் தன் பேரப்பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று காத்திருந்த ஒரு மனுஷி.

அந்தப் பெண்ணும் நானும் வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு தொலைபேசியில் கதைத்தோம். அவளுக்குச் சின்ன வயதில் வந்ததா என்று நெடுங்கேணியில் இருக்கும் தாயிடம் கேட்கச் சொன்னேன்.

"கேட்டனான் அக்கா. இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க ஒராளுக்கு வந்ததாம். எனக்கோ பெரியக்காவுக்கோ எண்டு ஞாபகமில்லையாம்."

"ஒரு அடையாளமும் இல்லையோ?"

"பெரியக்கா தனக்குத்தான் எண்டு சண்டை பிடிக்கிறா. உதுக்கும் போட்டி." கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "எனக்கெண்டால் நல்லாயிருக்கும், என்னக்கா?" என்றாள்.

ஓம் என்றேன். தண்ணீர் மாதிரிகளை ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பது என் தொழில். அதே முடிவுக்காகக் கிணற்றடியில் காத்திருக்கும் குடும்பங்களைப் பற்றி அதற்கு முன் நான் அவ்வளவாக யோசித்ததில்லை. இப்போதெல்லாம் முடிவு பிந்தினால் நானே அவர்களுக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.

என் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டத் தொடங்கியபோது, ஒரு முற்பகலில் அவள் கேட்காமலே உள்ளே வந்தாள். பொட்டு வழியாகத்தான். நேரே வந்து, முன்பு இருந்த அதே இடத்தில் கட்டிலில் இருந்தாள். நான் நகரப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிட்வைஃப் அக்கா கோல் எடுத்தவ. எனக்கு முந்தியே வந்திட்டுதாம். பிள்ளைக்குப் பயமில்லையாம்."

குசினியிலிருந்து வந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடியபடி ஏதோ முணுமுணுத்தார்.

அவள் அங்கிருந்தே தாய்க்குக் கோல் எடுத்து, எங்களுக்கும் கேட்கும்படி போட்டாள். முடிவைச் சொன்னாள். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவள் தொலைபேசியைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப உன்னைத்தான் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்" என்றது குரல்.

பிறகு அந்தத் தாய் மெதுவாகச் சொன்னார். தண்ணீர் வரிசைக்கும், சாப்பாட்டு வரிசைக்கும் அந்தப் பிள்ளையை இடுப்பிலேயே வைத்திருந்தாராம். கூடாரத்தில் விட்டால் சூடு. கீழே விட்டால் புழுதி புண்ணில் ஒட்டும். மருந்து இல்லை. வேப்பமரம் முகாமின் முள்ளுக்கம்பிக்கு அங்கால் நின்றது. ஒரு துவாயை நனைத்து நனைத்து ஒற்றியதுதான். இரண்டு பிள்ளைகளில் எது என்று மறந்துபோனது தனக்கே வெட்கமாக இருக்கிறது என்றார். அந்த நாட்களில் முகம் பார்க்க நேரம் இருக்கவில்லையாம். பாரம் மட்டும் இடுப்பில் ஞாபகம் இருக்கிறதாம்.

"நான் பாரமோ அம்மா?" என்று கேட்டாள் அவள்.

"இல்லையடி. அப்ப நீ நல்லா மெலிஞ்சுபோனாய்."

அவள் தொலைபேசியை மடியில் வைத்தாள். பிறகு அதை மறுபடி எடுத்து, பேறு நேரம் நெருங்கும்போது வந்து நிற்க வேண்டும் என்றும், இந்த முறை அவருக்குத் தானே சமைத்துப் போடுவதாகவும் தாயிடம் சொன்னாள்.