நடாத கன்று

மஜீதாவுக்கு ஒன்பது வருஷமாகச் சோறு போட்டது ஒரு புழுவின் பின்புறம்.

கடுகைவிடச் சின்னது அந்தப் பெண்புழு. செடியின் வேருக்குள் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வேர் முடிச்சு முடிச்சாக வீங்கிப்போகும். புழுவைப் பிரித்தெடுத்து, வால்பக்கத் தோலைப் பிளேடால் நறுக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கைரேகை மாதிரி வரிகள் தெரியும். அந்த வரிகளை வைத்துத்தான் இனத்தைச் சொல்லவேண்டும். இராமநாதபுரத்தில் அவள் வேலைபார்த்த ஆய்வுக்கூடத்தில் அவளைப்போல் நறுக்க ஆள் கிடையாது. ஆனாலும் பதினொரு மாத ஒப்பந்தம், ஒருநாள் இடைவெளி, மறுபடி பதினொரு மாதம். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் அவள் சொல்லிவிடக்கூடாது, அதற்குத்தான் அந்த ஒருநாள். அன்றைக்குப் பாம்பன் வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலத்துக்குள் அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள்.

இந்த ஆவணியில், ஒப்பந்தம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, உத்தரகோசமங்கைப் பக்கமிருந்து நாகலெட்சுமி வந்தாள். ஈரத்துணியில் இரண்டு கொய்யாக் கன்று. மானியத் திட்டத்தில் கொடுத்த கன்றுகள். நட்ட நூற்றிருபதும் மஞ்சளடித்துப் பட்டுப்போயின. இவை நடாமல் மிஞ்சியவை.

துணியைப் பிரித்த மஜீதா திடுக்கிட்டாள். வேர் பளிச்சென்று இருந்தது.

"ஏன்க்கா, நாத்துப் பையோட வந்த மண்ணு எங்க?"

"கழுவிட்டேன் தாயி. ஆபீசுக்கு மண்ணும் சகதியுமாவா தூக்கிட்டு வாறது? மூணு தண்ணி விட்டு அலசுனேன்."

"இதென்ன மீனா, அலசுறதுக்கு? புழு கன்னோடயே வந்துச்சுங்கறதுக்கு அந்த மண்ணுதான்க்கா உங்களுக்குச் சாட்சி."

நாகலெட்சுமியின் முகம் சுருங்கிவிட்டது. ஊரில் அவளைக் குற்றவாளி ஆக்கி வருஷம் ஒன்றாகப்போகிறது. உழும்போது வரப்போரத்துப் புற்றை இடித்துவிட்டாளாம். அந்த நாகதோஷம்தான் பாம்புபோல வேரைச் சுற்றிக்கொண்டதாம். பரிகாரத்துக்கு நாள் குறித்துக் கொடுக்க ஆள் இருந்தது. வேரை ஒருமுறை பிளந்து பார்க்க அந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மஜீதா பிளந்தாள். வரிகளைப் பார்த்தால், இந்த மாவட்டத்து மிளகாயில் சாதாரணமாகக் காணும் இன்காக்னிட்டா இனம் போலிருந்தது. போலத்தான். எண்டெரோலோபி என்று இன்னொன்று உண்டு. கொய்யாவைக் கொல்வது, வெளியிலிருந்து வந்தது. வரியை மட்டும் பார்த்தால் எண்டெரோலோபியை இன்காக்னிட்டா என்று ஏமாந்துபோகலாம். ஆகவே நான்கு புழுக்களை நசுக்கி டி.என்.ஏ. எடுத்து பி.சி.ஆர். மெஷினில் போட்டாள். மறுநாள் ஜெல்லில், எண்டெரோலோபிக்கு வரவேண்டிய இடத்தில் பட்டை அழுத்தமாக விழுந்திருந்தது.

அதிகாரி பாண்டித்துரை ஜெல்லின் படத்தைப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இனம் பேரெல்லாம் வேணாம்மா. வேர்முடிச்சு நூற்புழுன்னு மட்டும் போடு. எதிர்ப்பு ரக மிளகாய் நடச் சொல்லி எழுதிக் குடு."

"அந்த மிளகாய் இன்காக்னிட்டாவத்தான் சார் தாங்கும். இது அதையும் தின்னுரும். அவங்களுக்கு அடுத்த வெள்ளாமையும் போயிரும்."

"பேர் போட்டா கன்னு எங்கருந்து வந்துச்சும்பான். எத்தனை ஊருக்குக் குடுத்துருக்கோம், தெரியுமா?"

"நடாத கன்னு சார் இது. அவங்க வயல்ல படவே இல்ல."

"அது அவ சொல்றது. பை மண்ணு இருக்கா? இல்லேல்ல? அப்ப புழு அவ வயலுதுதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் ஒப்பந்த ஃபைலும் இங்கனதாம்மா கிடக்கு."

ஊர் சொன்னது பாம்பின் சாபம், அலுவலகம் சொன்னது உன் வயல் மண். ஒன்றில் விபூதி வாசம், மற்றதில் ரப்பர் முத்திரை. இரண்டுக்கும் குற்றவாளி ஒரே பெண்பிள்ளை!

வெள்ளிக்கிழமை நாகலெட்சுமி அறிக்கை வாங்க வந்தாள். இனம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்துத் தட்டச்சாகியிருந்தது. மஜீதா அவளைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மிளகா போடாதீங்க. தக்காளி, கத்திரியும் வேணாம். கடலை போடுங்கக்கா, இந்தப் புழு கடலையத் தொடாது."

"நீ வாயால சொன்னத எங்க ஊர்ல எவன் நம்புவான் தாயி? தோஷத்த மறைக்கப் பொய் சொல்றேம்பாக. கடலை விதைக்கு எம் மகன் ஒத்துக்கிறணும். எழுதிக் குடு."

மஜீதா சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பாண்டித்துரையின் நாற்காலி முதுகு தெரிந்தது. ஒன்பது வருஷம் கண்ணாடித் தகட்டில் குனிந்தே பழகிய கழுத்து வலித்தது. காகிதத்தைச் சுவரில் வைத்து, கோட்டின்மேல் 'எண்டெரோலோபி' என்று எழுதினாள். கீழே, "நடாத கன்றின் வேரில் கண்டது. மிளகாய் கூடாது, நிலக்கடலை போடலாம்." கையெழுத்து, தேதி. இந்தக் காகிதம் பாண்டித்துரை காதுக்கு எட்டாமல் போகாது என்று தெரிந்தேதான் போட்டாள்.

இடைவெளி நாள் வந்தது. சாயங்காலம் போன் அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி, துணி காயப்போட்டபடி, பத்து நாள் போனின் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்பனிலிருந்து இராமநாதபுரத்துக்கு மணிக்கு எத்தனையோ பஸ் போகிறது. ஏறிப் போனால் அங்கே இறங்கி நுழைய அவளுக்கு இடம் இல்லை.

பதினோராம் நாள் அடித்தது. நாகலெட்சுமி.

"கடலை விதைச்சாச்சு தாயி. மகன் மொனங்கிக்கிட்டேதான் விதைச்சான். பக்கத்தூர்ல ஒருத்திக்கும் கொய்யா பட்டுப்போச்சாம். அவகிட்ட நடாத கன்னு மூணு பையோட இருக்கு. எங்கன கொண்டுவரச் சொல்ல? ஆபீசுக்கா?"

ஆபீசில் அந்தப் பை யார் கைக்குப் போகும் என்று மஜீதாவுக்குத் தெரியும். வேறு எங்கே என்பதுதான் தெரியவில்லை.

"எங்கனயும் கொண்டுபோக வேணாம்க்கா," என்றாள் கடைசியில். "நிழல்ல வைக்கச் சொல்லுங்க. தண்ணி ஊத்தட்டும். பையப் பிரிக்க வேணாம், மண்ண அலசவே வேணாம்னு சொல்லுங்க. சோதிக்க நான் இடம் பாத்துச் சொல்றேன்."