உதடு இல்லாத ரேடியோ

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ரேடியோ வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் பெண்பிள்ளைகள் மட்டும் படித்த பள்ளி அது. உறையூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து ஆறாம் வகுப்புக்குத் தமிழும் சமூகப் பாடமும் நடத்திக்கொண்டிருந்தேன். வாரத்தில் சில நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பள்ளிகளுக்கென்று ஒரு பாடம் ஒலிபரப்பாகும். அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கூடத்துத் தரையில் வரிசையாக உட்காரவைத்துவிட்டு, டீச்சர் பின்னால் நாற்காலி போட்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியையின் உத்தரவு.

எனக்கு அது தண்டனையாக இருந்தது. நான் ஓரிடத்தில் நின்று பாடம் நடத்தியவளே இல்லை. பேசிக்கொண்டே நடப்பேன், நடந்துகொண்டே கேள்வி கேட்பேன், கரும்பலகையில் எழுதும்போதே அடுத்த வரியைச் சொல்வேன். மனப்பாடம் வேண்டாம், கேள்வி கேட்டுப் பிள்ளைகள் வாயிலிருந்தே பாடத்தை வரவழையுங்கள் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இந்த மரப்பெட்டியிடம் யார் கேள்வி கேட்பது? புரியவில்லை என்றால் அது நிறுத்துமா? நாற்காலியில் உட்கார்ந்து கால்விரலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் பாடம் முடிந்து கேட்டுப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுகிற ஒரு பெண், ரேடியோவில் வந்த வியாபாரி மாதிரியும் கப்பல்காரன் மாதிரியும் குரலை மாற்றி முழுக் கதையையும் சொன்னாள். அவள் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன். பதில் வராமல் போனது வேறொருத்தியிடம். வகுப்பில் முதல் மார்க் வாங்குபவள், வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்தவரின் மகள், எப்போதும் முன்வரிசையில் இடம் பிடிப்பவள். என்ன கேட்டாய் என்றால் சிரித்தாள். அடுத்த வாரமும் சிரிப்புதான். ரேடியோ ஓடும்போது பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் இவளும் சிரிப்பாள், அவர்கள் நிமிர்ந்தால் இவளும் நிமிர்வாள்.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். முதல் மார்க் வாங்கறவளுக்குக் கொஞ்சம் மெத்தனம் வரத்தான் செய்யும், கண்டித்து வையுங்கள் என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போதும் அவள் முகம்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் சொல்வதெழுதுதல் வைத்தேன். வெயில் கண்ணில் அடித்ததால் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தேன். ஓரமாகப் பார்த்தால், எல்லாரும் குனிந்து எழுத, அவள் மட்டும் பென்சிலை நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தை இறக்கி அதே வரியை மறுபடி சொன்னேன். எழுதினாள். மறுபடி உயர்த்தினேன். பென்சில் நின்றது.

அவள் கேட்டுப் படித்தவள் அல்ல, பார்த்துப் படித்தவள். என் உதட்டையும் பலகையையும் புத்தகத்தையும் வைத்து, நான் திரும்பி நின்று பேசியதையெல்லாம் ஊகித்து இட்டு நிரப்பி, முதல் மார்க் வாங்கியிருக்கிறாள். ரேடியோவில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலமே அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகிற வழியில் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னைப் பார்த்ததும் மகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பிவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே குரலைத் தாழ்த்திக்கொண்டார். சின்ன வயதில் விஷக்காய்ச்சல் வந்ததாம். அப்புறம் ஒரு காது சுத்தமாகப் போய்விட்டது, இன்னொன்றில் சீழ் வந்து வந்து மந்தமாகிவிட்டது.

“வெளில சொல்லிடாதீங்க டீச்சர். நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும். ஸ்கூல்ல தெரிஞ்சா வேற எங்கயாவது அனுப்பிடுவாங்க.”

“சொல்லாம இருந்தா படிப்பு போயிடும்மா,” என்றேன்.

“படிப்பு போனா போவுது,” என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அந்த அம்மாவின் பயம் பொய்யில்லை. சொன்னால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது, சொல்லாவிட்டால் நாளைக்கு வகுப்பில் அந்தப் பெண்ணை எப்படிப் பார்ப்பது என்று மாறி மாறி மனம் அடித்துக்கொண்டது.

மறுநாள் காலை தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பயந்தபடி அவளை அனுப்பிவிடலாம் என்று சொல்லவில்லை.

“ரேடியோவ நிறுத்த முடியாது. மத்த புள்ளைங்க அதுல நல்லாத்தான் கத்துக்கறாங்க. நீங்க என்ன பண்ணலாங்கறீங்க?”

“அது பக்கத்துல நின்னு, அது சொல்றத நான் வாயசைச்சுச் சொல்றேங்க.”

“ஒரு எடத்துல நிப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் தறிகள் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்த முடியாமல் சத்தமில்லாமலே வாயை நன்றாக அசைத்துப் பேசிக்கொள்வோம். அதனால் சுலபம் என்று நினைத்தேன். முதல் நாளே திணறிவிட்டேன். ரேடியோக்காரர் மூச்சு விடாமல் பேசினார். நான் ஒரு வாக்கியம் பின்தங்கி, அதைப் பிடிக்கப்போய் அடுத்ததை விட்டேன். பிள்ளைகள் என் வாயைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். ‘பாலை’ என்று சொன்னால் அவளுக்கு ‘மாலை’ என்று தெரிந்தது. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதானே மூடித் திறக்கிறது. அதனால் முக்கியமான சொற்களை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போட்டேன். மற்ற பாடங்களிலும் பலகையைப் பார்த்துப் பேசுவதை விட்டேன். எழுதுவேன், திரும்புவேன், பிறகு பேசுவேன். நடக்கச் சொல்லிக் கால் அரித்தது. எத்தனையோ நாள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னை நானே நிறுத்தினேன். சிரித்த பிள்ளைகள் மெல்லப் பழகிக்கொண்டார்கள். பலகையில் இருந்த சொற்களைப் பார்த்துப் பின்வரிசைக்காரிகளும் பிழையில்லாமல் எழுத ஆரம்பித்தார்கள். கதை சொன்ன பெண் விடுமுறைக்குள் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். அது ரேடியோவாலா, பலகையாலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

முதல் மார்க்காரியின் அம்மா வெகு நாள் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். பிறகு ஒரு நாள் அவரே மகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார் என்று கேள்விப்பட்டேன். மந்தமான காதைச் சுத்தம் செய்து மருந்து போட்டதில் கொஞ்சம் தேறியது. இன்னொரு காதுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் மேல்வகுப்புக்குப் போனதும் எனக்கு மறுபடி கவலை. ஒவ்வொரு டீச்சரிடமும் போய், அவளைப் பார்த்துப் பேசுங்கள் என்று கேட்டேன். கணக்கு டீச்சர் கேட்டுக்கொண்டார். சரித்திரம் எடுத்தவர், ஒருத்திக்காக நான் என் பழக்கத்தை மாத்திக்கணுமா என்றார். அவள் கணக்கில் உயர்ந்தாள், சரித்திரத்தில் விழுந்தாள், ஒரு வருஷம் ஃபெயிலாகி அதே வகுப்பில் உட்கார்ந்தும் போனாள். எனக்கு அதற்குள் அரியமங்கலம் பக்கம் மாற்றலாகிவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள் என்று மட்டும் தெரியும்.

அறுபதுகள் முடியும் சமயம் மன்னார்புரம் பஸ் ஸ்டாப்பில் ஒருத்தி என் முன்னால் வந்து நின்றாள். புடவையில் அடையாளம் தெரியவில்லை. பேச்சைத் தொடங்குமுன் என் வாயைப் பார்த்தாளே, அதில் தெரிந்துவிட்டது. டைப் கற்றுக்கொண்டு ஓர் ஆபீசில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். பெண் பார்க்க வருகிறவர்களிடம் காது விஷயத்தை அம்மாவே முதலில் சொல்லிவிடுகிறார் என்றும், இரண்டு இடம் தட்டிப்போயும் நிறுத்தவில்லை என்றும் சொன்னாள்.

“அந்த ரூம்ல வரிசையா டைப் மெஷின் டீச்சர். அந்தச் சத்தத்துல எல்லாரும் தலைவலி, தலைவலிங்கறாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல.”

அவள் பஸ் வந்தது. நான்தான் அவள் தோளைத் தொட்டுக் காட்டினேன்.