மூடாமல் விட்ட முள் படல்

மதியழகன் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது "ச்சீ" என்ற அவர் குரல்தான். ஒரு நாளைக்கு முப்பது முறையாவது சொல்வார். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கிறார். மூன்று மாடி, இருபத்திரண்டு அறை. காலையில் மோட்டார் போட்டுவிட்டு மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிடும். பக்கெட்டில் நான்கு நாளாக ஊறும் ஜீன்ஸ், வாஷ் பேசினில் அடைத்துக்கொண்ட நூடுல்ஸ், பால்கனியிலிருந்து பக்கத்து வீட்டு ஓட்டில் வீசிய பிரியாணி டப்பா. திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் தானே எடுத்துப் போடுவார். ஆள் வைத்தால் சுத்தமாகச் செய்யமாட்டார்கள் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்டடம் நிற்கிற இடத்தில் அவருடைய அப்பா கோதண்டம் நெல் பயிரிட்டவர். பிறகு விற்றது போக மிச்சத்தில் கட்டடம் எழுப்பினார்கள். அதில் அண்ணனுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. "வெயில்ல காயறதுக்கு வாடகை வாங்கறது மேல்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். ஜிஎஸ்டி சாலையில் எங்கே நடப்பது? சைக்கிள் கடைக்குப் போனார். ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டிலும் தடித்த டயருமாக ஒன்றைக் காட்டி, இது கிராவல் பைக், ஜல்லியிலும் மண்ணிலும் ஓடும், ஏரிக்கரையிலும் ஓடும் என்றான் கடைக்காரன். வாங்கிவிட்டார். அப்படித்தான் எங்கள் குழுவில் வந்து சேர்ந்தார்.

எங்கள் குழுவைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். நான் தாம்பரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவன். மற்றவர்கள் பெரும்பாலும் கணினிக் கம்பெனிக்காரர்கள். தலைவர் பிரேம். ஞாயிறு விடியற்காலை பெருங்களத்தூரில் கூடி, சிங்கப்பெருமாள் கோவில் வரை தார்ச்சாலையில் மிதித்து, அங்கிருந்து உள்ளே திரும்புவோம். குன்றுகளின் அடிவாரம், காட்டோரம், பழைய கோயில் உள்ள ஊர்கள், கடைசியில் பாலாற்று மணல். இதற்கு 'பாரம்பரிய கிராவல் ரைடு' என்று பெயர். பாரம்பரியத்துக்கு நாங்கள் செய்த மரியாதை என்னவென்றால், யாரோ ஒரு வீரன் செத்ததற்கு நட்ட நடுகல்லில் சைக்கிளைச் சாய்த்துப் படம் எடுத்தது. கோயில் குளத்துப் படியில் வாழைப்பழத் தோலைப் போட்டது. மிதிக்கத் தெம்பு வேண்டுமென்று இனிப்புக் கூழ் ஒன்றை உறிஞ்சுவார்கள். அந்தப் பொட்டலத்தைப் பிசுபிசுப்போடு வயல் வரப்பில் எறிவார்கள். சுவர் கண்ட இடத்தில் நின்று ஒன்றுக்குப் போவார்கள். அது யாருடைய சுவர், எந்தச் சாமியின் சுவர் என்று பார்ப்பது கிடையாது.

அண்ணன்தான் கடைசியில் வருவார். குழுக்காரர்கள் அதை 'ஸ்வீப்' என்பார்கள். யாரும் பின்தங்கிவிடாமல் பார்ப்பது, பஞ்சரானவனுக்கு டியூப் மாற்றிக் கொடுப்பது இவைதான் அந்த வேலை. அண்ணன் அதோடு ஒரு சிமெண்ட் சாக்கையும் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் குப்பையெல்லாம் அதில் போகும். நாங்கள் திறந்து போட்ட தோட்டக் கதவுகளை மூடிவிட்டு வருவார். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ச்சீ". இதனால் டிபன் கடைக்கு எப்போதும் இருபது நிமிடம் தாமதம்.

போன மார்கழியில் பிரேம் குழுவில் ஒரு செய்தி போட்டான். கடைசியில் வருபவர் வேகம் காட்ட வேண்டும், அவருக்காக நாற்பது பேர் இட்லி ஆறக் காத்திருக்க முடியாது, முடியாவிட்டால் வேறு ஆளிடம் பொறுப்பை விடலாம். கீழே பதினேழு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். அண்ணன் எனக்குப் போன் செய்து, "அரி சார், நான் அவ்ளோ ஸ்லோவா?" என்று மட்டும் கேட்டார். ஐம்பத்திரண்டு வயது மனிதர், பிள்ளை வயதுக்காரன் போட்ட செய்திக்காக இப்படிக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இல்லையே அண்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு புதிய பாதை. ஊர்ப்பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அடுத்த வாரமே அங்கே இருபது சைக்கிள் போய் நிற்கும். ஏரி நிறைந்திருந்தது. கரைமேல் ஒற்றையடியாக மண்பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். மதகுக்குப் பக்கத்தில் பாதை கீழே இறங்கும் இடத்தில் முள் படல் ஒன்று சார்த்தியிருந்தது. வேலிக்காத்தான் முள்ளை இரண்டு கொம்பில் வைத்துக் கட்டிய படல். மேலே கரையில் மேயும் மாடு கீழே இறங்காமலிருக்க வைத்தது.

பிரேம் சைக்கிளை நிறுத்தினான். "பாருங்க ப்ரோ, வேணும்னே வச்சிருக்கானுங்க. டயர் பஞ்சராகி நாம கஷ்டப்படணும், அதான்" என்றான். ஒரு கம்பை எடுத்து நெம்பிப் படலை ஏரிப்பக்கம் தள்ளிவிட்டான். அதையும் ஒருத்தி படம் பிடித்தாள். வரிசையில் நான் நான்காவது ஆள். இதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறக்கவில்லை. எல்லோரோடும் இறங்கிப் போனேன்.

கால் மணி நேரம் கழித்து அண்ணன் அந்த இடத்துக்கு வந்தார். கிடந்த படலைப் பார்த்தார், இறங்கிப் போய்விட்டார். பின்னால் அவரே சொன்னது இது: "அன்னிக்கி ஒரு நாளாவது டைமுக்கு வந்து காட்டணும்னு நெனச்சேன் சார். முள்ளு தண்ணியாண்ட கெடந்துது. எடுத்துக் கட்டணும்னா பத்து நிமிஷம். யாராவது ஊர்க்காரங்க பாத்துப்பாங்கன்னு வந்துட்டேன்."

அன்று அவர் டிபன் கடைக்குச் சரியான நேரத்துக்கு வந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

திங்கட்கிழமை அவருக்கு மனது கேட்கவில்லை. படலைக் கட்டிவிட்டு வரலாம் என்று தனியாக மிதித்துப் போனார். படல் ஏற்கனவே கட்டியிருந்தது. அதற்குக் கீழே, மதகோரத்தில், கிளியம்மாள் என்ற அறுபது வயதுக்காரி சேற்றில் குந்தியிருந்தாள். அவளுடைய முக்கால் ஏக்கருக்கான நாற்றங்கால் அது. முழுக்க மிதிபட்டுக் கிடந்தது.

"இன்னாக்கா ஆச்சு?"

"மாடு பூந்துடுச்சு நைனா. நேத்து கஞ்சி வச்சிட்டு வரசொல்ல எட்டு மாடு உள்ள நின்னுகினு கீது. படலு கட்டித்தான் வச்சிருந்தேன். எந்தக் கட்டையில போறவனோ தூக்கிக் கடாசிட்டுப் போயிருக்கான்."

வியாழக்கிழமை நடவு. ஒன்பது பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அந்த நாள் போனால் அவர்கள் வேறு வயலுக்குப் போய்விடுவார்கள். புதிதாக விதை விட்டால் நாற்று எழும்ப இன்னும் இருபத்தைந்து நாள். அப்படி நட்டால் கதிர் பால் பிடிக்கும் சமயம் ஏரி வற்றிவிடும். வியாழனுக்குள் நாற்று கிடைத்தால் இந்த வருஷம் அவளுக்கு நெல் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். படலைத் தள்ளிவிட்டுப் போனது யார் என்று அன்று அவர் சொல்லவில்லை.

அண்ணன் வந்து சொன்னதை நான் குழுவில் எழுதினேன். பதில்களைப் படித்தபோது போனை ஏரியில் எறியலாம் போலிருந்தது. கண்ணீர் விடும் பொம்மை ஆறு. தெருமாடுகளை அரசாங்கம் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஒருவர். ஊரைத் தத்தெடுத்து மரக்கன்று நடலாமே என்று ஷர்மிளா. பொறுப்பு நம்முடையது என்று எழுத்தில் எதுவும் போட வேண்டாம் என்று பிரேம். அதற்குக் கீழேயே ஒருவன் அடுத்த வாரம் எந்த ஊரில் டிபன் என்று கேட்டிருந்தான்.

செவ்வாயிலிருந்து மூன்று நாள் நான் லீவு போட்டேன். அண்ணனும் நானும் நாற்று தேடிச் சைக்கிளில் கிளம்பினோம். நடவு முடிந்த வயல்களில் சில சமயம் நாற்று மீந்திருக்கும். கார் போகாத வரப்புகளிலெல்லாம் இறங்கி ஏறினோம். ஓரிடத்தில் நாற்பது நாள் நாற்று, முற்றிவிட்டது. இன்னோரிடத்தில் வேறு ரகம்; அவளுடையது குண்டு நெல். இன்னொருவர் எங்கள் இறுக்கமான கால்சட்டையைப் பார்த்துவிட்டு, சினிமாக்காரர்கள் என்று நினைத்து விரட்டினார். செவ்வாய் அப்படியே போயிற்று.

புதன் காலையில் குன்றைச் சுற்றிக்கொண்டு பாலாற்றுப் பக்கம் போனோம். அங்கே குமரேசன் என்பவரிடம் குண்டு நாற்று இரண்டு பெரிய பாத்தி மீந்திருந்தது. விலை கேட்டார் அண்ணன்.

"மீந்த நாத்துக்கு எவன்யா வெல வாங்குவான்? ஆனா ஆளு இல்ல. நீங்களே புடுங்கிக்கினு போங்க."

சைக்கிளைச் சாய்த்துவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கினோம். எனக்கு வேர் அறுந்து அறுந்து வந்தது. அண்ணன் கை தானாக வேலை செய்தது. பிடி பிடியாகப் பிடுங்கி, சேற்றை அலசி, வைக்கோலால் முடிந்து வீசிக்கொண்டே போனார். காலில் அட்டை ஏறியது, எருமைச் சாணம் மிதந்து வந்து முழங்கையில் ஒட்டியது. பக்கெட் ஜீன்ஸுக்கு மூக்கைப் பொத்துகிற மனிதர், பொழுது சாயும்வரை ஒரு "ச்சீ" சொல்லவில்லை.

வியாழன் விடிந்ததும் குட்டியானை வண்டியில் நாற்றுக் கட்டுகள் போய் இறங்கின. கிளியம்மாள் ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்து, வேரை மோந்து பார்த்து, தலையாட்டினாள். ஒன்பது பெண்களும் வயலில் இறங்கினார்கள். பாதி வயல் பச்சையானபோது பிரேம் மூன்று பேரோடு வந்து சேர்ந்தான். வெளுத்த சட்டையோடு சேற்றில் ஒரு கால் வைத்து, "அய்யய்யோ, உள்ள போகுது" என்று கத்தி, நாற்றைத் தலைகீழாக ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டான். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அவன் ஊன்றியதைப் பிடுங்கித் திரும்ப நட்டார்கள்.

மதியம் எல்லோரும் கரையில் உட்கார்ந்தோம். கிளியம்மாள் கூழ்ப் பானையோடு வந்தாள்.

"யாரோ எவுரோ, எனக்கோசரம் இன்னாத்துக்கு நைனா இம்மாம் பாடு பட்டே?" என்று அண்ணனைக் கேட்டாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அண்ணன் எழுந்து நின்றார். "அக்கா, அந்தப் படலத் தள்ளுனது எங்க ஆளுங்கதான். கடைசியா வந்தவன் நான். பாத்துட்டும் கட்டாம போயிட்டேன்."

பிரேம் போனைப் பார்க்க ஆரம்பித்தான். கிளியம்மாள் அவனும் கூட வந்தவர்களும் இருந்த பக்கம் ஒரு தரம் திரும்பினாள்.

"அதுங்களுக்குப் படலுன்னா இன்னான்னே தெரியாது. உனக்கு?"

"தெரியும்க்கா."

"எப்பிடித் தெரியும்?"

"எங்கப்பா நெலம் வச்சிருந்தாரு. எங்க வூட்டு நாத்தங்காலுக்கு நான்தான் படலு கட்டுவேன்."

அவள் பானையைச் சாய்த்தாள். நட்ட பெண்களுக்கு ஊற்றினாள், வண்டி டிரைவருக்கு ஊற்றினாள், பிரேமுக்கும் அவனோடு வந்த மூன்று பேருக்கும் வெங்காயம் நறுக்கிப் போட்டுக் கொடுத்தாள். அண்ணனைத் தாண்டி வந்து என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தாள். "அண்ணனுக்கு இல்லியா?" என்று பிரேம் கேட்டான். அவள் காதில் வாங்காமல் பானையை மூடினாள்.

அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைமேல் நடந்து போனார். படலைத் தள்ளும்போது நான்காவதாக நின்று பார்த்தவன் நான்தான், அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று எனக்கும் தோன்றியது என்று சொல்ல வாயைத் திறந்தேன். கிளியம்மாள், "குடி நைனா, நேத்து பூரா சேத்துல நின்னியே" என்றாள். நான் குடித்தேன்.