முள் காட்டிய திசை

ஒலி முகம்மது பாய் தேக்கா கடைத்தெருவில் லக்கேஜ் பெட்டி விற்பவர். பக்கத்துக் கடைக்காரனான எனக்கு அவருடைய இன்னொரு பைத்தியமும் தெரியும். கடல் தாண்டிச் சொந்த ஊருக்குப் போகிறவர்கள் நகை, துணி வாங்கி வருவார்கள். இவர் மலையடிவாரத்துக் கல்திட்டைகளைத் தேடிப் போய்த் திசைகாட்டி வைத்து அளந்துவிட்டு வருவார். மூவாயிரம் ஆண்டுப் பழமையான கல்லறைகளாம். சூரியன் தெற்கே போய்த் திரும்புகிற நாளில் காலை வெளிச்சம் வட்டத் துளை வழியாக உள்ளே விழும்படி சிலவற்றை நிறுத்தியிருக்கிறார்களாம்.

"செத்தவங்கள யாரும் சும்மா திருப்பி வைக்கல, பாலா," என்பார். வாடிக்கையாளர் நிற்கும்போது இதைச் சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தத் திசைகாட்டியை அவர் இறந்துபோன தன் மனைவி ருக்கையாவை அடக்கிய கபுருக்குக் கொண்டுபோயிருக்கக் கூடாது. இந்தச் சின்னத் தீவில் நிலம் போதாது. பதினைந்து ஆண்டு ஆனதும் எலும்புகளைத் தோண்டியெடுத்து, வேறு பலரோடு ஒரே குழியில் அடக்கிவிடுவார்கள். ருக்கையாவின் முறை வந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை அளந்து பார்த்தவர் முகம் வெளிறிப்போய்த் திரும்பினார். முள் சொல்வதை நம்பினால், ருக்கையா முறைப்படி தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்துப் படுத்திருக்கவில்லை.

மகள் ஹம்னா தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தா, சுத்தி கான்க்ரீட், உள்ள கம்பி இருக்கு. அதான் முள்ள இழுக்குது லா!"

கல்லோடே பழகியவருக்குக் கம்பி ஞாபகமே வரவில்லை. சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டு கிடந்தாளோ என்று சோறு இறங்காமல் தவித்தார். திறக்கும்போது அவள் முகம் இருக்கும் பக்கத்தை ஒருதடவை பார்த்துவிட்டால் போதும் என்றார். உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே அதற்குத்தான்.

கபுரைத் திறந்த அன்று நானும் கூடப் போனேன். மண்ணை விலக்கினார்கள். மழைநீர் இறங்கி எலும்புகள் கலைந்து கிடந்தன. மண்டையோடு குப்புற உருண்டிருந்தது.

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தா, தம்பி? சொல்லுங்க, எந்தப் பக்கம்?"

தோண்டியவர் மண்வெட்டியை ஓரமாக வைத்தார். "தண்ணி பொரட்டிருச்சு, பாய். இனிமே சொல்ல முடியாது."

பாய் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எவன் எவனுக்கோ திசை பாத்தேனே, பாலா. இவளுக்குப் பாக்கலியே," என்று வாய்விட்டு அழுதார்.

வெள்ளைத் துணியில் கட்டிய சின்னப் பொதியை அவர் கையில் கொடுத்தார்கள். புதுக் குழியருகே நின்று அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இதுல மொகம் எந்தப் பக்கம், பாலா?"