இருபத்து நாலாம் தேதிக்குள் ஒரு குழந்தை

பினாயில் வாசனையும் முந்திரிக்கொத்து பொரியும் எண்ணெய் வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால்தான் எனக்கு அது டிசம்பர் மாதம். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வேறு ஏதோ மாதம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிஷன் ஊழியத்துக்கென்று வந்த டாக்டரான என் அப்பாவும், அவரோடு தலைமை நர்ஸாக வேலை பார்த்த என் அம்மாவும், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளிக் கிடந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் வளாகத்துக்குள்ளேயே குடியிருந்ததால், எங்கள் சமையலறைச் சன்னலுக்கும் பிரசவ வார்டின் பின்கதவுக்கும் நடுவில் ஒரு முருங்கை மரம் மட்டும்தான் இருந்தது. நாங்கள் பலகாரம் சுடும் வாசனை நோயாளிகளுக்கும், அவர்கள் முனகும் சத்தம் எங்களுக்கும் தாராளமாகப் போய் வந்துகொண்டிருந்தன.

நான் சொல்வது 1991. அந்த ஆண்டு மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துபோய், சொந்த ஊரிலிருந்து வரும் கடிதங்களெல்லாம் "பத்திரமாக இருக்கிறீர்களா" என்றே தொடங்கின. உண்மையில் எங்களைச் சுற்றி வேர்க்கடலைக் கொல்லைகளும், தண்ணீர் நிறைந்த ஏரியும், வந்தால் வந்தது என்கிற ஒரே ஒரு பஸ்ஸும்தான் இருந்தன. பயப்படுவதற்கு வேண்டுமானால் பாம்பு இருந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் இருபத்து நாலாம் தேதி சாயங்காலம், புறநோயாளிகள் உட்காரும் நீள வராந்தாவில் கிறிஸ்துமஸ் நாடகம் நடக்கும். அதில் குழந்தை இயேசுவாகப் படுப்பது, பிரசவ வார்டில் கடைசியாகப் பிறந்த குழந்தை எதுவோ அது. ஆணா பெண்ணா, எந்தச் சாமி கும்பிடுகிற வீட்டுக் குழந்தை என்றெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள். தாய்மார்களும் மறுத்ததே இல்லை. குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, திருஷ்டிப் பொட்டும் வைத்து அனுப்புவார்கள். எங்கள் இயேசுவுக்கு வருஷா வருஷம் கன்னத்தில் கறுப்புப் பொட்டு இருக்கும். அப்பா அதைத் துடைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

மூன்று வருஷம் நான் அந்த நாடகத்தில் ஆடாக இருந்தவள். பஞ்சு ஒட்டிய கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு தவழ்ந்து போய் "மே" என்பதற்கு மேல் எனக்கு வசனம் கிடையாது. கம்பவுண்டர் வீட்டு அக்கா மரியாளாகவே வேர் பிடித்து நின்றாள். அந்த வருஷம் அவள் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போய்விட, ஒன்பது வயதில் மரியாள் வேஷம் எனக்கு வந்தது. அம்மாவின் நீலப் புடவையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று நின்று, கண்ணாடிக்கே அலுத்துப் போயிருக்கும்.

எல்லாம் கூடிவந்தும் குழந்தை மட்டும் இல்லை. கடைசியாகப் பிறந்த குழந்தை டிசம்பர் தொடக்கத்திலேயே மாட்டு வண்டியேறி வீட்டுக்குப் போய்விட்டது. "இந்த வருஷம் உன் பொம்மையை வச்சிக்கிடுவோம்" என்று அம்மா சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். என் பொம்மைக்கு ஒரு கண் மூடாது. தூங்கும் இயேசு ஒற்றைக் கண்ணால் ஊரை முறைத்துக்கொண்டு கிடப்பதை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பிரசவ வார்டில் அப்போது இருந்தது ஒரே ஒருத்தி, பிள்ளைப்பாக்கத்துக் கன்னியம்மா அக்கா. முதல் இரண்டு குழந்தைகளும் மாதம் நிறையாமல் பிறந்து தங்காமல் போனதால், மூன்றாவதையாவது காப்பாற்ற வேண்டுமென்று அப்பா அவளை அக்டோபர் கடைசியிலேயே கட்டிலில் சேர்த்து, கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, "எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லியிருந்தார். ஜனவரி கடைசியில்தான் நாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அவளிடம்தான் போவேன். மல்லாந்து படுத்தபடியே அவள் எனக்குக் கலர் காகிதத்தில் சங்கிலி ஒட்டித் தருவாள். வராந்தாவில் தொங்கவிட மூங்கில் சிம்பு கட்டி நான் செய்த நட்சத்திரத்தைப் பார்த்து, "இன்னா பாப்பா இது, காத்தாடி மாரி கீது? வாலு வெச்சி வுட்டா பறக்கும்போல" என்று சிரிப்பாள். பொம்மை விஷயத்தைச் சொல்லி நான் மூக்கை உறிஞ்சியபோது, "அய்ய, இதுக்கா அழுவுற? அடுத்த வருசம் எங்க வூட்டு பாப்பா நடக்கும். அத்த ஆட்டுக்குட்டியா வெச்சிக்கோ" என்றாள். எனக்கு அடுத்த வருஷம் வேண்டாம். இந்த வருஷமே வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு "ஜெப நோட்டு" பற்றிச் சொல்லியாக வேண்டும். வேண்டிக்கொள்ளும் காரியங்களை அப்பா ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவார். அது நடந்துவிட்டால் பக்கத்தில் சிவப்பு மையில் "கேட்கப்பட்டது" என்று குறிப்பார். எனக்கும் ஒரு சின்ன நோட்டு வாங்கித் தந்திருந்தார். "என்ன வேணுமோ அதை நேராக் கேளு பிள்ள. ஆண்டவர்ட்ட சுத்தி வளைக்கப்பிடாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. நானும் நேராகவே கேட்டேன். பத்தொன்பதாம் தேதி பென்சிலால் எழுதினேன்: "கன்னியம்மா அக்காவின் பாப்பா 24-க்குள் பிறக்க வேண்டும்." யாரிடமும் காட்டவில்லை. ரகசியமாகக் கேட்டால் சீக்கிரம் நடக்கும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

இரண்டே நாளில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா முந்திரிக்கொத்து உருண்டையை மாவில் முக்கிய கையோடு வார்டுக்கு ஓடினாள். கன்னியம்மா அக்காவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கக்கூட ஆளில்லாமல் நான் அடுப்பை அணைத்துவிட்டு முருங்கை மரத்தடியில் போய் நின்றேன். சாயங்காலத்துக்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண். அழுகைச் சத்தம் பூனைக்குட்டியினுடையதை விடச் சின்னதாகக் கேட்டது. எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம் தோன்றியது. நோட்டில் சிவப்பு மையால் எழுத வேண்டும் என்று அப்பாவின் பேனாவைத் தேடி வீட்டுக்குள் ஓடினேன்.

பேனா கையில் இருக்கும்போதே பின்வாசலில் அப்பாவும் அம்மாவும் பேசியது காதில் விழுந்தது. "எழும்பூர் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமா?" என்று அம்மா கேட்டாள். "இந்த ரோட்டுல ஜீப்புல ரெண்டு மணி நேரம், இந்த வாடைக் காத்துல பிள்ளை தாங்காது. இங்கனயே வச்சுப் பாப்போம். ஒண்ணரைக் கிலோகூட இல்ல. பிழைக்கும்னு என்னால சொல்ல முடியல" என்றார் அப்பா. அப்பா அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்று எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: நான் கேட்டேன், கொடுக்கப்பட்டது, அதனால் அது சாகப்போகிறது. நோட்டின் அந்தத் தாளைக் கிழித்து, ஆஸ்பத்திரிக் கழிவுப் பஞ்சை எரிக்கும் குழியில் கொண்டுபோய்ப் போட்டேன். எரிந்த பிறகும் எழுத்து தெரிகிற மாதிரியே இருந்தது.

குழந்தையைக் கதகதப்பாக வைக்க ஒரு பெட்டி வேண்டியிருந்தது. நாடகத்துக்காகத் தச்சர் செய்து தந்த மரத் தொட்டிதான் அளவாக இருந்தது. மாட்டுத்தொழுவத்துத் தொட்டி மாதிரியே கால் வைத்துச் செய்திருந்த அதில் வைக்கோலை எடுத்துவிட்டுப் பஞ்சு பரப்பி, காலியான குளுக்கோஸ் பாட்டில்களில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிச் சுற்றிலும் அடுக்கி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டார்கள். கரண்டு போகும்போதெல்லாம் அம்மா வெந்நீர் மாற்ற ஓடுவாள். பால் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்குத் தாய்ப்பாலைப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நான் ஆசைப்பட்டபடியே தொட்டியில் நிஜக் குழந்தை கிடந்தது. வார்டுக் கதவுக்கு வெளியே நின்றுகூட அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நாடகம் நடந்தது. தொட்டி இல்லாததால் பொம்மையை ஒரு முறத்தில் கிடத்தினார்கள். நான் வசனத்தை மறந்து, நீலப் புடவைக்குள் நடுங்கிக்கொண்டு நின்றேன். மரியாள் பயந்த சுபாவம் உள்ளவள் போலும் என்று ஜனங்கள் நினைத்திருப்பார்கள். பொம்மை தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிந்ததும் வார்டு வார்டாகப் போய்க் கட்டில் கட்டிலாக கேக்கும் பலகாரமும் கொடுப்பது எங்கள் குடும்பத்து வேலை. அம்மா என் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, "கன்னியம்மாட்ட கொண்டு போ" என்றாள். தப்பிக்க வழியில்லை. கன்னியம்மா அக்கா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முந்தின நாள் சோறு மூடியபடியே ஸ்டூலில் இருந்தது. தட்டை வைத்துவிட்டு ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் "அக்கா, நான்தான் நோட்டுல எழுதினேன், உங்க பாப்பா சீக்கிரம் பொறக்கணும்னு. நாடகத்துக்காக" என்று சொல்லி அழ ஆரம்பித்தேன்.

அவள் திரும்பி எழுந்து உட்கார்ந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, என்னைவிடப் பெரிதாக அழுதாள். அப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. வெகு நேரம் கழித்து முந்தானையால் என் முகத்தையும் தன் முகத்தையும் துடைத்துவிட்டு, "நீ கூப்ட்டதுக்கா வந்துச்சி? அப்ப அது உன் பேச்ச கேக்குற புள்ள. போ, கிட்ட போய் குனிஞ்சி சொல்லு, இங்கியே இருன்னு" என்றாள். பிறகு அந்தத் தட்டிலிருந்த முந்திரிக்கொத்தில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

நான் போய்ச் சொன்னேன். பல்பு வெளிச்சத்தில் சிவந்து, தோல் சுருங்கி, அப்பாவின் முழங்கை அளவுகூட இல்லாமல் கிடந்த அந்த உயிரின் காதருகே குனிந்து, "இருந்துடு பாப்பா" என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் பல் துலக்கியதும் போய்ச் சொல்வேன். ஆண்டவரிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டதே.

குழந்தை இருந்துவிட்டது. பிப்ரவரியில் ஒரு நாள், இரண்டு கிலோவைத் தாண்டியதும், சுமதி என்று பெயரும் வைத்து, கன்னியம்மா அக்கா அதை மாட்டு வண்டியில் ஊருக்குக் கொண்டுபோனாள். அதற்கு அடுத்த வருஷம் அப்பாவுக்கு வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி நாங்களும் கிளம்பிவிட்டோம். டாக்டர் பெண் ஏன் டாக்டராகவில்லை என்று என்னைக் கேட்காதவர் இல்லை. மார்க் வரவில்லை என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். மாதம் நிறையாமல் குழந்தை பிறக்கக் காரணங்கள் உண்டு என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தது தலையில் இருந்தது. அந்த டிசம்பர் வேறெங்கோ இருந்தது. நோட்டில் எழுதியதை அப்பா சாகும்வரை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் வந்தபோது, காரை அந்தப் பக்கம் விடச் சொன்னேன். ஆஸ்பத்திரி இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. வார்டு, வராந்தா, எங்கள் வீடு, கிணறு எல்லாம் போய், தகரக் கூரை போட்ட ஒரு பெரிய குடோன் நிற்கிறது. ஏரிக்கரை மட்டும் அப்படியே இருந்ததால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். காவலுக்கு இருந்த வடநாட்டுப் பையனுக்கு ஆஸ்பத்திரி என்றதும், எனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்று கவலை வந்துவிட்டது.

மனசு கேளாமல் பிள்ளைப்பாக்கம் போய் விசாரித்தேன். கன்னியம்மா அக்கா இருந்தாள். கொல்லை விற்ற பணத்தில் மாடி கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டு, முட்டி வலியோடு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "டாக்டரய்யா பொண்ணு கிரேசுதான நீ?" என்று அவளே கண்டுபிடித்தாள். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கி வந்த பெண்ணிடம், "சுமதி, இவங்கதான்டி உன்ன அவசரமா கூப்ட்டவங்க" என்றாள். "நீங்கதானா அக்கா அது? எனக்கு கம்பெனில ஓவர்டைம்னு லேட்டானாகூட, பொறக்கறதுக்கு மட்டும் அவசரமான்னு எங்கம்மா உங்க கதைய எடுத்துடும்" என்று அவள் சிரித்தாள். என்னைவிட அரை அடி உயரம்.

டீ போட அவள் உள்ளே போனதும், கன்னியம்மா அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்தாள்.

"உன்னாண்ட ஒண்ணு சொல்லணும் கண்ணு. அந்த செங்கல்லு வெச்ச கட்டில்ல ரெண்டு மாசம் படுத்துக்கினு கெடந்தேன் பாரு, முதுகெல்லாம் புண்ணு. அன்னிக்கி காலைல வயித்துல கைய வெச்சி, போதும் தாயி, வந்துடு, என்னால முடியலன்னு நானே வாய வுட்டு சொல்லிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுச்சி. ரெண்ட வாரிக் குடுத்தவ, மூணாவத நானே தொரத்திட்டேன்னு நெனச்சேன். யாராண்ட சொல்லுவேன்? நாலு நாளு சோறு எறங்கல. அப்பதான் நீ தட்ட தூக்கிக்கினு வந்து, நான்தான் நான்தான்னு அழுத."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா" என்றேன். என் குரலில் கோபம் இருந்தது; முப்பது வருஷத்துக்கும் மேலாக ஊறிய கோபம்.

அவள் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா நீ கண்ண தொடச்சிக்கினு வெளாட போயிருப்ப கண்ணு. நான் மறுபடியும் ஒண்டியா ஆயிட்டிருப்பேன்."