சுரங்க முகாமின் நீள மேஜை

சான் ஹோசே ஆபீஸ் கஃபேயில் இன்று பான்கேக் வாசனை அடித்ததும், என் சின்ன வயதில் அப்பா ஜியாலஜிஸ்டாக இருந்த நெவாடா தங்கச் சுரங்க முகாமின் சாப்பாட்டுக்கூடத்தில் நினைவால் போய் நின்றேன். இப்போது அந்த முகாமே இல்லை. அங்கே ஒரே மேஜையில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் டிபனும், இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் புழுதி முகத்தோடு டின்னரும் சாப்பிட, இவர்களுக்கு இப்போது காலையா ராத்திரியா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கறி வாசனை ஆகாத அம்மா, பேச்சுத் துணையில்லாமல், நாங்கள் குடியிருந்த டிரெய்லர் வீட்டில் தனியாகச் சாப்பிடுவாள்.

சமையல்கார ரோஸ் ஆன்ட்டிக்கு ஓயாத இருமல் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மிளகு ரசம் வைத்துச் சாப்பாட்டுக்கூடத்துக்கே கொண்டுவந்தாள். ஆன்ட்டி குடித்து, மூக்கைச் சிந்தி, "இன்னும் இருக்கா?" என்று இங்கிலீஷில் கேட்டார். மேஜை முழுக்கக் கப்புகள் நீண்டன.

மறுநாள் சாப்பாட்டுக்கூடத்துக்கு எனக்கு முன்னாலேயே அம்மா கிளம்பி நின்று, "வாடி, நேரமாச்சு" என்றாள்.