சுண்ணாம்பு அடித்த சுவர்

பிள்ளைகள், வவுனியாவில் குளத்து வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் புகுந்து வடிந்தபோது, சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு இருந்தது. ஊறிப்போன பின்சுவரைத் திருப்பிக் கட்ட, வீட்டுக்கு எடுத்திருந்த காப்புறுதிப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன்.

காப்புறுதிக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் சேதத்தைப் பார்க்க வருவதாக அறிவித்தார்கள். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் உங்கள் அம்மா சும்மா இருப்பாரா? நான் வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்த இரண்டு நாளில் சேற்றைக் கழுவி, ஊறிய மெத்தைகளைக் காயவைத்து எரித்து, சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்துவிட்டார்.

வந்தவர் சுற்றிப் பார்த்தார். "எங்கை அம்மா வெள்ளம் வந்தது? கலியாண வீடு மாதிரியெல்லோ கிடக்கு."

"நீங்கள் வாறியள் எண்டுதான் ஐயா..."

தண்ணீர் நின்ற அடையாளத்தைக் காணாமல் நட்டஈடு எழுத முடியாதென்று சொல்லி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். "உனக்கு அறிவில்லையோ?" என்று அவர் படலை தாண்டுமுன்பே கத்தினேன். அம்மா சுண்ணாம்பில் வெந்த விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

பிறகுதான் அலுமாரியின் மேல்தட்டிலிருந்த காப்புறுதிக் கடதாசியை எடுத்து வாசித்தேன். தாங்கள் வந்து பார்க்கும்வரை எதையும் மாற்றக் கூடாதென்று தமிழிலேயே எழுதியிருந்தது. வாசிக்காமல் கையொப்பம் வைத்தவன் நான். அம்மா கண்மூடும் வரைக்கும் அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.